வரியும் அது நிற்கும் பக்கமும்

அவையோர்க்கு வணக்கம்.

மார்க் டேனியலெவ்ஸ்கியின் 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்' என்னும் திகில் நாவல் 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் நூலாக வெளிவந்தது. அதிலிருந்து ஓரிரு வரிகளைப் பெயர்த்தெடுத்து ஆராய விரும்புவோர், அவ்வரியைச் சொல்பவர் யார், அது எந்த எழுத்துருவில் அச்சாகியிருக்கிறது, பக்கத்தில் எங்கே நிற்கிறது என்பவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண்பார்வையற்ற முதியவரான ஸம்பனோ, ஓர் ஆவணப்படத்தைப் பற்றி ஆய்வுரை எழுதி வைத்துவிட்டு இறந்துபோகிறார். லாஸ் ஏஞ்சலஸில் அக்கையெழுத்துப்படியைக் கண்டெடுக்கும் ஜானி ட்ரூவன்ட் என்ற இளைஞன் அதற்கு அடிக்குறிப்புகள் எழுத, பெயரில்லாத பதிப்பாசிரியர்கள் அவற்றின்மேல் மேலும் சில குறிப்புகளைச் சேர்க்கிறார்கள். மூலம், உரை, உரையின்மேல் உரை என்று அடுக்கப்பட்ட இந்நூலில் ஒவ்வொரு குரலுக்கும் தனி எழுத்துரு உண்டு. ஜானியினுடையது தட்டச்சுப்பொறி எழுத்தை ஒத்த கூரியர்.

தொடக்கத்தில் ஒரு பக்கத்தில் தனித்து நிற்கும் 'இது உனக்கானது அல்ல' என்ற வரியை நூலாசிரியரின் மிரட்டலாகவே பலரும் எடுத்தாளக்கூடும். ஆனால் அது கூரியரில் அச்சாகியிருக்கிறது. அடுத்து வரும் முன்னுரையில் ஜானி தன் கொடுங்கனவுகளைச் சொல்வதைப் படித்தபின் அவ்வரிக்குத் திரும்பினால், இந்த ஏட்டைத் தொட்டுச் சிதைந்துபோன ஒருவன் அடுத்தவரைக் காக்க நினைத்து விடுக்கும் வேண்டுகோளாகவே அது எனக்குக் கேட்கிறது.

ஸம்பனோ ஆராயும் அந்த ஆவணப்படத்தில் வரும் வீடு வர்ஜீனியாவில் இருக்கிறது. அதன் உள்ளளவு வெளியளவைவிடக் கால் அங்குலம் கூடுதல். பின்னர் அங்கே திறக்கும் இருண்ட கூடங்களுக்குள் ஆட்கள் செல்லச் செல்ல, அச்சும் அவர்களோடு குறுகிச் சில பக்கங்களில் சில சொற்களே எஞ்சுகின்றன. அப்படிப் பல பக்கங்களில் சிதறிய வாக்கியத்தை நாம் ஒரே வரியாகக் கோத்து எழுதினால் பொருள் விளங்கும். ஆனால் அடுத்த தாளைப் புரட்டத் தயங்கும் கையில் பிறந்த அச்சம் அதில் இராது. நீல நிறத்தில் அச்சான 'வீடு' என்ற சொல்லைக் கருப்பில் படியெடுப்பதும் இழப்பே.

மனநல விடுதியிலிருந்து ஜானியின் தாய் எழுதும் கடிதங்களில் இது இன்னும் கூர்மையடைகிறது. ஒரு கடிதத்தில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் கூட்டிப் படித்தால்தான் அவள் மறைத்துச் சொன்ன கொடுமை வெளிப்படும். ஆதலால் அக்கடிதத்தை எடுத்தாள்பவர் அழகான அரைவாக்கியத்தை நறுக்காமல், ஒரு சொல்லும் விடாமல், வரிசை மாறாமல் முழுப் பத்தியையும் தந்தாக வேண்டும்.