சேற்றில் புதைந்த டாங்கியை இழுப்பது யார்?

[காட்சி: சங்கிலிப் பட்டைகள் மறையுமளவு சேற்றில் இறங்கி நிற்கும் ஏப்ராம்ஸ் டாங்கி]

போர்க்களத்தில் டாங்கிகள் எதிரியின் குண்டுபட்டு மட்டும் நிற்பதில்லை. சேற்றில் புதைந்தும், சங்கிலிப் பட்டை அறுந்தும், எஞ்சின் பழுதாகியும் நின்றுபோகின்றன. அவற்றை எதிரியின் கையில் சிக்கவிடாமல் இழுத்துவந்து, முடிந்தால் அங்கேயே பழுது நீக்கி மீண்டும் களத்துக்கு அனுப்பும் வேலைக்கென்றே கவச மீட்பு வாகனங்கள் இருக்கின்றன. அமெரிக்க இராணுவத்தின் எம்88ஏ2 ஹெர்குலிஸ் அத்தகைய வாகனங்களுள் ஒன்று.

முதலில் ஒரு கணக்கு. டாங்கியின் சக்கரங்கள் வரை சேறு ஏறியிருந்தால், அதை வெளியே இழுக்க ஏறக்குறைய அதன் எடைக்குச் சமமான விசை வேண்டும். சக்கரங்களுக்கு மேலுள்ள தகடு வரை ஏறியிருந்தால் இரு மடங்கும், சுழல்கோபுரம் வரை என்றால் மூன்று மடங்கும் வேண்டும் என்று அமெரிக்க இராணுவக் கையேடுகள் மதிப்பிடுகின்றன. அதாவது, 60 டன் டாங்கிக்கு 120 டன் இழுவைகூடத் தேவைப்படலாம்.

[காட்சி: எஃகு வடமும் கப்பியும், அம்புக்குறிகளுடன்]

ஹெர்குலிஸின் முதன்மை வின்ச், அதாவது வடத்தை உருளையில் சுற்றி இழுக்கும் கருவி, ஒற்றை வடத்தில் 63.5 டன் வரை இழுக்கும். மீதிக்குக் கைகொடுப்பது கப்பி. கிணற்றடியில் மேலே தொங்கும் கப்பி இழுக்கும் திசையை மாற்றுமே தவிர, சுமையைக் குறைப்பதில்லை. இங்கோ கப்பியைப் புதைந்த டாங்கியிலேயே மாட்டி, வடத்தை அதன் வழியே திருப்பிக் கொண்டுவந்து ஹெர்குலிஸில் கட்டுவதால், உராய்வில் வீணாவது போக, இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இந்த எஃகு வடத்தை ஆட்கள் இழுத்துச் செல்வது பெரும்பாடு என்பதால், அதை டாங்கி வரை கொண்டுசேர்க்கவே 3 டன் திறனுள்ள துணை வின்ச் ஒன்றும் உண்டு.

இத்தனை விசையோடு இழுக்கும்போது, மீட்க வந்த வண்டியே சேற்றை நோக்கிச் சறுக்கிவிடாதா? அதைத் தடுப்பதற்குத்தான் முன்புறத்தில் புல்டோசர் தகடு இருக்கிறது. அது மண்ணில் ஆழப் பதிந்து நங்கூரமாகிவிடுகிறது. என் பார்வையில், வின்ச்சைவிடவும் முக்கியமான உறுப்பு இதுவே. பிடிமானம் இல்லாத இடத்தில் வின்ச்சின் பலம் பயன்படாது.

பழுது நீக்கும் வேலைக்கு, சுமார் 32 டன் தூக்கும் பாரந்தூக்கிச் சட்டம் உள்ளது. அமெரிக்காவின் முதன்மை டாங்கியான ஏப்ராம்ஸின் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே தொகுதியாக அமைந்திருப்பதால், பழுதானதை அப்படியே வெளியே தூக்கிவிட்டு வேறொன்றை இறக்கிவிடலாம்.

[காட்சி: இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் அரைச்சங்கிலி வண்டிகள்]

மீட்பு வாகனங்களின் வரலாறு, டாங்கியின் எடையைத் துரத்திப் பிடிக்கும் ஓட்டமாகவே இருந்துவருகிறது. ஏறக்குறைய 57 டன் எடையுள்ள டைகர் டாங்கியை இழுக்க, ஜெர்மானியர்கள், முன்னால் சக்கரமும் பின்னால் சங்கிலிப் பட்டையும் கொண்ட, 18 டன் இழுக்கும் வகை அரைச்சங்கிலி வண்டிகள் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டவேண்டியிருந்தது. பாந்தர் டாங்கியின் அடித்தளத்தில் அமைந்த பெர்கெபாந்தர் வந்த பிறகே அவர்களுக்குத் தகுந்த மீட்பு வாகனம் கிடைத்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1960களில் வந்த எம்88, அக்கால டாங்கிகளுக்குப் போதுமானதாக இருந்தது. 1980இல் ஏப்ராம்ஸ் வந்து, பிறகு எடை கூடிக்கொண்டே போனதால், கூடுதல் வலுவுடன் எம்88ஏ2 உருவாக்கப்பட்டது. ஆனால் ஏப்ராம்ஸின் புதிய வடிவங்கள் 65 டன்னையும் தாண்டிவிட்டன. இப்போது அவற்றுள் ஒன்றைப் பாதுகாப்பாக இழுத்துச் செல்ல, மீண்டும் இரண்டு ஹெர்குலிஸ்களை அனுப்பவேண்டிய நிலை வந்திருக்கிறது.