கடைவீதிக்கு எதற்கு இத்தனை உயரம்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். நகர மையத்துப் பிரதான வீதியில் வானுயரக் கட்டடங்கள் வரலாமா, கூடாதா என்பது தலைப்பு. கூடாது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர் ஒரே கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார். இடம் குறைவு, ஆள் அதிகம், அதனால் மேலே போ! கேட்க நன்றாக இருந்தது, நானும் கைதட்டினேன். ஆனால் அந்தக் கணக்கில் பாரிஸ் எங்கே? அங்கே சதுரக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 20,000 பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலும் ஆறேழு மாடிதான். சுவரோடு சுவர் ஒட்டி, கீழே கடை, மேலே வீடு. 40 மாடி எழுப்பினால் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் சுற்றிலும் இடம் விடவேண்டும். லிஃப்ட், படிக்கட்டு, குழாய் என்று ஒவ்வொரு தளத்திலும் ஒரு பங்கு போய்விடும்.

அதே பாரிஸ் 1973இல் 210 மீட்டர் உயரத்தில் மோன்பர்னாஸ் கோபுரத்தைக் கட்டிப் பார்த்தது. 1977இல், நகரின் பெரும்பகுதியில் 37 மீட்டருக்கு மேல் கூடாது என்று விதி போட்டது. நடுவில் கொஞ்சம் தளர்த்தியது. 2023இல் மறுபடி அதே 37க்கு வந்து நின்றது. சூடு கண்ட பூனை, ஐயா!

சரி, உயரத்துக்கே பேர்போன நியூயார்க்? 1915இல் அங்கே ஈக்விடபிள் கட்டடம் 38 மாடி, தெரு ஓரத்திலிருந்து செங்குத்தாக எழுந்தது. அக்கம்பக்கத்தில் வெயிலே விழவில்லை. அது கிளப்பிய கோபமும் சேர்ந்துதான், உயர உயரப் பின்வாங்கிக் கட்டு என்ற விதி 1916இல் வந்தது.

வெயில் போனால் போகட்டும், காற்று? மேலே அடிக்கும் காற்று சுவரில் மோதி, கீழே இறங்கி நடைபாதையில் சீறும். இங்கிலாந்தின் லீட்ஸில் 32 மாடிக் கட்டடம் ஒன்றின் அடியில், 2011இல், காற்று ஒரு லாரியையே கவிழ்த்தது. நடந்துபோனவர் ஒருவர் இறந்தார். அப்புறம்தான் காற்றுத் தடுப்புகள் வைத்தார்கள்.

எனக்குப் பெரிய கவலை தரைத்தளம்தான். கடைவீதியில் பத்தடிக்கு ஒரு வாசல் இருக்கும். ஒரு கடைக்குப் போனவர் நான்கு கடையில் ஏறி இறங்குவார். கோபுரம் வந்தால் பத்து வாசல் போய் மூன்று மிஞ்சும்: ஒரு கண்ணாடி லாபி, ஒரு பார்க்கிங் நுழைவு, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கும் காவலாளி நிற்கிற ஒரு கேட்.

மணி அடித்துவிட்டார்கள். உயரமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ரயில் நிலையத்தை ஒட்டி, அகலமான சாலையில் கட்டுங்கள், யார் தடுத்தார்கள்? அடுத்துப் பேச வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: இடித்துக் கட்டி முடிக்கும்வரை அந்தப் பத்துக் கடைக்காரர்கள் எங்கே போவார்கள்? முடிந்தபின், புதுக் கட்டட வாடகைக்கு அவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்?