பட்டியலில் வராத வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். வயது 72. நாற்பது வருஷமாக நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்து விரல் ரேகையே தேய்ந்துபோய்விட்டது. ரேஷன் கடை மிஷினில் விரலை வைப்பார். புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். எண்ணெய்ப் பசை வரட்டும் என்று தலைமுடியில் தேய்த்து மூன்றாவது முறை வைப்பார். ‘ரேகை விழலம்மா, நாளைக்கு வாங்க’ என்பார்கள். நாளைக்கும் வந்து நின்றால் ஒரு வீட்டு வேலை போய்விடும்.

உலக வறுமை ஒழிப்பின் எதிர்காலம் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த விரல்தான்.

2015 செப்டம்பரில் ஐ.நா. சபையில் உலக நாடுகள் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளை ஏற்றன. அதில் முதலாவது வறுமை ஒழிப்பு. 2030க்குள் எந்த நாட்டிலும் கடும் வறுமை இருக்கக் கூடாது என்றார்கள். இதற்கு முன்னால், 2000ஆம் ஆண்டில் வகுத்த புத்தாயிர இலக்குகளில் ‘பாதியாகக் குறைப்போம்’ என்றுதான் இருந்தது. அது நடந்தது. 2015 வரை கெடு இருந்தும் 2010லேயே எட்டிவிட்டார்கள். சீனாவில் விவசாயம் செழித்ததும், கோடிக்கணக்கானோர் ஆலை வேலைக்குப் போனதும் அதற்குப் பெரிய காரணம்.

பாதியைக் குறைப்பது ஒரு வேலை. மிச்சத்தை முடிப்பது வேறு வேலை. தொழில் பெருகி கூலி ஏறினால், உழைக்கத் தெம்பு உள்ளவர் எப்படியாவது மேலே வந்துவிடுவார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர், துணையில்லாத முதியவர், கையில் ஒரு அட்டையும் இல்லாதவர், சண்டை ஓயாத நாட்டில் சிக்கிக்கொண்டவர், இவர்களிடம் அந்த வளர்ச்சி தானாக வந்து சேருவதில்லை.

கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 ஜூனில் உலக வங்கி கடும் வறுமைக் கோட்டை ஒரு நாளைக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. இதை வங்கி மாற்று விலையில் பெருக்கிப் பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் 3 டாலருக்கு வாங்குவதை அந்தந்த நாட்டில் வாங்க எவ்வளவு ஆகும் என்பதுதான் கணக்கு. கோடு மாறியதும் 2022ஆம் ஆண்டின் ஏழைகள் தொகை 71.3 கோடியிலிருந்து 83.8 கோடியாக ஏறியது. அந்த 12.5 கோடிப் பேர் வீட்டு அடுப்பில் அன்றைக்கு எதுவும் மாறிவிடவில்லை. நாடுகளை ஒப்பிட இப்படி ஒரு கோடு தேவைதான். ஆனால் யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்று அதற்குத் தெரியாது.

அதைத் தேடிப் போன இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வருமானத்தை மட்டும் பார்க்காமல் உடல்நலம், கல்வி, வாழ்க்கை வசதி ஆகியவற்றையும் வைத்து மத்திய அரசின் நிதி ஆயோக் போடும் பல்பரிமாண வறுமைக் கணக்கில், 2019-21இல் கேரளத்தில் ஏழைகள் 0.55 விழுக்காடு. நாட்டிலேயே மிகக் குறைவு. இதுவே போதும் என்று இருந்துவிடவில்லை அவர்கள். 2021இல் வார்டு வார்டாகக் கூடி விசாரிக்க ஆரம்பித்தார்கள். உள்ளாட்சி உறுப்பினர்கள், குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்ற நான்கையும் வைத்துப் பார்த்தார்கள். 64,006 குடும்பங்கள் கடும் வறுமையில் இருப்பது தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம்: ஒரு வீட்டுக்குச் சமைத்த சாப்பாடு, இன்னொரு வீட்டுக்கு மாத்திரையும் துணைக்கு ஆளும், மற்றொன்றுக்கு நிலமும் வீடும். அதைவிட என்னை உலுக்கியது இதுதான்: ஆயிரக்கணக்கானோருக்கு முதலில் ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை என்று வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவரை அரசின் எந்த ஏட்டிலும் அவர்கள் சரியாகப் பதிவாகவே இல்லை.

2025 நவம்பர் 1 அன்று, கடும் வறுமை இல்லாத மாநிலம் என்று கேரளம் அறிவித்தது. உடனே பொருளாதார அறிஞர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள். பரம ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டை வைத்திருக்கும் குடும்பங்களே 5 லட்சத்துக்கு மேல் இருக்க, 64 ஆயிரம் என்ற எண் எப்படி வந்தது என்றார்கள். நியாயமான கேள்வி, பதில் வர வேண்டும். என்னைக் கேட்டால், தேடும் முறையைக் கைவிடாமல் வருஷா வருஷம் தொடர வேண்டும் என்பேன். ஒரு ஆஸ்பத்திரிச் செலவு போதும், நேற்று கரையேறிய வீடு இன்று மறுபடி மூழ்கிவிடும்.

இப்படித் தேடப் பணம் வேண்டுமே! பணக்கார நாடுகள் தேச வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவிக்குத் தர வேண்டும் என்று ஐ.நா. 1970லேயே தீர்மானம் போட்டது. ஒரு சில நாடுகளே அதைக் காப்பாற்றின. 2025 ஜூலையில் அமெரிக்கா தன் சர்வதேச உதவி நிறுவனத்தையே மூடியது. பிரிட்டன் 0.5 விழுக்காட்டை 2027க்குள் 0.3 ஆகக் குறைக்கிறது. அதே 2025இல் ஸ்பெயினின் செவில்லில் நடந்த மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு வருஷத்துக்கு 4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை என்று பேசினார்கள். எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. ஆப்பிரிக்கக் கிராமத்து மருத்துவமனைகளில் மருந்து நின்றுபோவதற்கு இந்த உதவி வெட்டும் ஒரு காரணம்.

2030க்கு அப்புறம் என்ன என்பதை 2027 செப்டம்பரில் ஐ.நா.வில் பேசப் போகிறார்கள். புதிய இலக்குகளை எப்படி எழுதினாலும், ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதோடு, பட்டியலுக்கு வெளியே இருந்த எத்தனை பேரை இந்த வருஷம் தேடிப் போய்ச் சேர்த்தீர்கள் என்றும் ஒவ்வொரு நாடும் சொல்ல வேண்டும்.

எங்கள் தெரு அம்மா விஷயத்துக்கு வருகிறேன். முதியோருக்கு வீட்டு வாசலிலேயே அரிசி தரும் ஏற்பாடு வந்தபோது அவருக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் முதியோர் மட்டும் உள்ள அட்டைக்குத்தான் அது. இவர் அட்டையில் எட்டு வருஷம் முன்னால் வெளியூர் போய்விட்ட மகனின் பெயரும் இருக்கிறது. அந்தப் பெயரை நீக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவருக்கு ஒரு வீட்டில் லீவு, சேர்ந்து போகிறோம்.

நன்றி, வணக்கம்.