பாடாத கதாநாயகியும் நாலு ஸ்வரமும்

வணக்கம், நேயர்களே. ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். மேற்கத்திய இசை நாடகமான ஓபராவில் பாட்டுதான் எல்லாம். அப்படியும் ஓர் ஓபராவில் கதாநாயகி ஒரு வரிகூடப் பாடமாட்டாள். வாய் பேச முடியாதவள். அவளுக்கு எல்லாமே அபிநயம்தான். 1830 ஆகஸ்டில் ஓர் இரவு பிரஸ்ஸல்ஸ் நகரில் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த கூட்டம் தெருவில் கலகத்தில் இறங்கியது. அது புரட்சியாகி, ஒரு புது நாடே பிறந்தது. எந்த நாடு, எந்த ஓபரா?

நாடு பெல்ஜியம். அதைக் கேள்விக்குள் இருக்கும் ஊர்ப் பெயரை வைத்தே சொல்லிவிடலாம். ஓபராவின் பெயர் 'போர்த்திசியின் ஊமைப் பெண்', ஓபேர் என்ற பிரெஞ்சுக்காரர் இசையமைத்தது. இதை முன்பே கேள்விப்பட்டிருந்தால்தான் உண்டு. அதனால் எங்கள் கணக்கில் இது பாதி நல்ல கேள்வி.

எங்கள் என்றால், மும்பை மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடும் ஒரு சின்னக் கூட்டம். சண்முகானந்தா ஹாலில் கச்சேரி கேட்டே தலை நரைத்தவர்கள் சிலர். பியானோ படிக்கும் ஒரு கல்லூரிப் பெண். மேற்கத்திய இசையிலேயே வளர்ந்த ஒரு பார்சி நண்பர். ஆர்கெஸ்ட்ரா நடத்துவதில் பேர்பெற்ற சுபின் மேத்தா இந்த ஊரில் பிறந்தவர் என்பதை வாரம் ஒரு முறையாவது நினைவூட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. யாராவது ஒருவர் புதிர் கொண்டுவருவார், மற்றவர்கள் சேர்ந்து விடுவிக்க வேண்டும். போனைத் தொட்டவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும்.

ஓபராவுக்கும் மாட்டுங்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மும்பையில் பலருக்கு ஓபரா ஹவுஸ் என்றால் சர்னி ரோடு பக்கத்து வைர வியாபாரம்தான். அங்கே நிஜமாகவே ஓர் ஓபரா அரங்கம் இருக்கிறது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தது. பிறகு சினிமாக் கொட்டகையாகி, 1993-ல் மூடி, 2016-ல் மறுபடி திறந்தார்கள்.

சரி, புதிருக்கு வருவோம். 'கார்மென் என்ற ஓபரா எந்த ஆண்டு அரங்கேறியது?' என்று கேட்டால் எங்கள் கூட்டத்தில் யாரும் தலை தூக்கமாட்டார்கள். 1875. தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் இல்லை, பேச ஒன்றுமில்லை. அதையே கொஞ்சம் திருப்பிக் கேட்கலாம். அதை எழுதிய பிஸே, அரங்கேறிய மூன்றே மாதத்தில் 36 வயதில் இறந்துபோனார். அதற்கு முன்பு நம் கடலுக்கு எதிர்க்கரையில் நடப்பதாக அவர் ஓர் ஓபரா எழுதியிருக்கிறார். அதில் என்ன தொழில் செய்வார்கள்? தூத்துக்குடிக்காரர் ஒருவர் சட்டென்று 'முத்துக் குளிப்பு' என்றார். சரிதான், 1863-ல் வந்த 'முத்துக் குளிப்போர்', கதை நடப்பது இலங்கையில். கதாபாத்திரங்களின் பெயர் நாதிர், ஸுர்கா, லெய்லா என்றதும் அவர் சிரித்துவிட்டார். "மன்னார் வளைகுடாவுல இவங்களை யாரு பாத்தது?"

சில புதிர்களை நம்மவர்கள்தான் எளிதில் பிடிப்பார்கள். 'மூன்றே பாத்திரங்கள்: மனைவி, கணவன், எமன். சமஸ்கிருதம் கற்றுக்கொண்ட ஓர் ஆங்கிலேயர் இசையமைத்தது. இதே கதை 1941-ல் தமிழில் சினிமாவாக வந்தபோது எம்.எஸ். சுப்புலட்சுமி ஆண் வேடம் போட்டார்.' எம்.எஸ். நாரதராக வந்த படம் என்று ஒருவர் சொன்ன மறுநொடியே 'சாவித்திரி' விழுந்துவிட்டது. அந்த ஆங்கிலேயர் ஹோல்ஸ்ட் என்று பார்சி நண்பர் முடித்துவைத்தார்.

ஆனால் இதுவரை எனக்கு மிகவும் பிடித்த புதிர் போன மழைக்காலத்தில் வந்தது. ஒரு சின்ன இசைத் துண்டு. செல்லோ, அதாவது பெரிய வயலின் மாதிரியான வாத்தியம், தனியாக நாலு ஸ்வரம் இழுக்கிறது, மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அதையே பிடித்துக்கொண்டு உள்ளே வருகின்றன. 'இதில் இசையமைப்பாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யார் அவர்?' வேறு துப்பு கிடையாது.

எங்களில் மூத்தவரான மாமா கண்ணை மூடிக் கேட்டார். "ரி, க, ஸ, நி" என்று பாடியே காட்டினார். "கீரவாணி ராகம் மாதிரி இருக்கு." பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "நாலு ஸ்வரத்தை வச்சு எப்படிச் சொல்றீங்க? கௌரிமனோகரியா இருக்கலாம், தர்மவதியா இருக்கலாம். மத்யமமும் தைவதமும் வராம தீர்ப்பு சொல்லக் கூடாது." நியாயமான ஆட்சேபணை. ஆறிப்போன காப்பியோடு அந்தச் சண்டை கொஞ்ச நேரம் ஓடியது.

பியானோ படிக்கும் பெண் மட்டும் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "மாமா, உங்க ஸ-வை மேற்கத்திய முறையில நான் சி-ன்னு வச்சுக்கறேன். அப்போ டி, ஈ ஃப்ளாட், சி, பி. ஜெர்மன்காரங்க ஈ ஃப்ளாட்டை எஸ்னு சொல்லுவாங்க, பி-யை ஹெச்னு சொல்லுவாங்க." டி, எஸ், சி, ஹெச். அதற்கப்புறம் பார்சி நண்பரைப் பிடிக்க முடியவில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் திமித்ரி ஷோஸ்டகோவிச்! முதல் பெயருக்கு டி. குடும்பப் பெயரை ஜெர்மன் முறையில் எழுதினால் எஸ், சி, ஹெச் என்று ஆரம்பிக்கும். கேட்டது 1960-ல் அவர் எழுதிய எட்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட், அதாவது நாலு தந்தி வாத்தியங்களுக்கான இசை. இதே தந்திரத்தை அவருக்கு வெகு முன்பே ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) தன் பெயருக்குச் செய்திருக்கிறார். அவர் பெயரின் நாலு எழுத்துமே ஜெர்மன் முறையில் ஸ்வரங்கள்தான்.

மாமாவுக்கு ஷோஸ்டகோவிச் யாரென்றே அன்றுவரை தெரியாது. அந்தப் பெண்ணுக்கு ஒரு முறை கேட்டு ஸ்வரம் பிரிக்க இன்னும் வராது. பார்சி நண்பருக்கு அந்தக் குவார்டெட் வீட்டில் இருந்தும் காதில் பிடிபடவில்லை.

மாமா அடுத்த வாரமே பதிலுக்குப் பதில் கொண்டுவந்தார், கடபயாதி. மேளகர்த்தா என்னும் தாய் ராகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்துக்கும் எண் உண்டு. அதைத் திருப்பிப் போட்டால் ராகத்தின் வரிசை எண். மாயாமாளவகௌளையில் ம-வுக்கு 5, ய-வுக்கு 1, திருப்பினால் 15. பியானோப் பெண் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டு கரகரப்ரியாவுக்குக் கணக்குப் போட்டாள். க-வுக்கு 1, ர-வுக்கு 2, விடை 21. ஆனால் 21 கீரவாணி! தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே க. கரகரப்ரியாவின் முதல் எழுத்து சமஸ்கிருத எழுத்து வரிசையில் வரும் இரண்டாவது க, அதற்கு எண் 2. அப்போதுதான் 22 வரும். "நீங்க எங்கே போனாலும் கீரவாணி துரத்துது மாமா" என்றாள்.

நேரம் முடிகிறது. உங்களுக்கும் ஒன்று தந்துவிட்டுப் போகிறேன். ஒரு பழைய பிரெஞ்சு மெட்டு. மொசார்ட் அதை எடுத்துக்கொண்டு பியானோவுக்கு 12 விதமாக மாற்றி மாற்றி எழுதினார். முத்துசுவாமி தீட்சிதர் பாடலில் அதே மெட்டு மதுரை மீனாட்சியிடம் போய்ச் சேர்ந்தது, 'ச்யாமளே மீனாட்சி' என்று. உங்கள் வீட்டில் எல்.கே.ஜி. படிக்கிற குழந்தை இருந்தால் அதுவும் இதைப் பாடும். எந்த மெட்டு? போனைத் தொடாமல் கண்டுபிடியுங்கள். வணக்கம்.