ரவுட்டரில் போட்ட பூட்டு ஏன் போதாது?

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பெயர்களையும் சொல்கிறேன். ஆனால் எதைப் போடுகிறோம் என்பதைவிட எங்கே போடுகிறோம் என்பதுதான் காரியம். வீட்டுக்கு வைஃபை தரும் ரவுட்டர் பெட்டியில் போடுவது சுலபம், அதனாலேயே பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளை கையில் இருக்கும் போனிலும் கணினியிலும் போடுவது கொஞ்சம் சிரமம். தாக்குப்பிடிப்பது அதுதான்.

முதலில் ரவுட்டர். ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் அதற்குரிய எண் முகவரியைத் தேடிக் கொடுப்பது டிஎன்எஸ் சர்வர். வடிகட்டும் டிஎன்எஸ் சர்வரை ரவுட்டரில் கொடுத்துவிட்டால், சூதாட்டத் தளத்தின் பெயருக்கு முகவரி கிடைக்காது, பக்கமும் திறக்காது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் 2020இல் குடும்பங்களுக்கென்று கொண்டுவந்த 1.1.1.3 என்ற முகவரியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அது தடுப்பது தீங்கு செய்யும் மென்பொருள் தளங்களையும் ஆபாசத் தளங்களையும். சூதாட்டம் அதன் பட்டியலிலேயே இல்லை. சூதாட்டம் என்ற வகையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க விடும் சேவைதான் வேண்டும். ஓபன்டிஎன்எஸ் ஹோம், நெக்ஸ்ட்டிஎன்எஸ் இரண்டிலும் அது உண்டு. நெக்ஸ்ட்டிஎன்எஸ்ஸில் தடையைச் சுற்றிப்போகும் வழிகளை அடைக்கும் பொத்தானும் இருக்கிறது, அதையும் இயக்கிவிடுங்கள். இலவசக் கணக்கு என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: மாதம் 3,00,000 கேள்விகள் வரைதான் வடிகட்டும் (கருவி ஒரு பெயருக்கு முகவரி கேட்பதுதான் ஒரு கேள்வி). அதைத் தாண்டினால் இணையம் வழக்கம்போல ஓடும், வடிகட்டல் மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். நாலைந்து கருவிகள் உள்ள வீட்டில் மாதக் கடைசியில் இது நடக்கக்கூடியதே.

ரவுட்டரில் இன்னொரு ஓட்டை, ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறை. பழைய ஐபிவி4 டிஎன்எஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால், கருவிகள் ஐபிவி6 வழியாக இணைய நிறுவனத்தின் சர்வரிடமே கேட்டுக்கொள்ளும். இரண்டையும் மாற்ற வேண்டும், அல்லது ஐபிவி6ஐ அணைத்துவிட வேண்டும். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் அதே சொல்லாக இருந்தால் செய்த வேலையெல்லாம் வீண். பிரவுசர்களும் சொந்தமாக டிஎன்எஸ் வைத்துக்கொள்கின்றன. ஃபயர்ஃபாக்ஸில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' என்ற, பிரவுசரே நேராக வேறொரு டிஎன்எஸ் சர்வரிடம் மறைகுறியாக்கிக் கேட்கும் வசதியை ஒருவர் கையால் இயக்கிவிட்டால் ரவுட்டரில் போட்டதை அது பொருட்படுத்தாது.

இத்தனையையும் சரிசெய்தாலும், பிள்ளை வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ரவுட்டருக்கு வேலையே இல்லை. ஆகவே கருவிக்கு வருவோம்.

சூதாட்டத்துக்கென்றே உள்ள தடுப்பு மென்பொருள்களில் பெட்பிளாக்கர் இலவசம், ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியும் அதில் உண்டு. கேம்பன் கட்டணச் சேவை. இவை முதலில் உருவானது, சூதாட்டத்தை விட வேண்டும் என்று தாங்களே முடிவெடுத்த பெரியவர்களுக்காக. அவர்கள் தடையை விரும்பிப் போட்டுக்கொள்பவர்கள். பிள்ளை அப்படியல்ல. அதனால் தளங்களின் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதைவிட, நிறுவியதைப் பிள்ளையால் கழற்ற முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கணினியில் இதற்குப் பதில் எளிது. விண்டோஸில் பிள்ளைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு கொடுக்காதீர்கள், ஸ்டாண்டர்ட் கணக்கு போதும். பொதுவாக நிறுவிய தடுப்பை நீக்கவும் டிஎன்எஸ்ஸை மாற்றவும் உங்கள் கடவுச்சொல் கேட்கும்.

ஆண்ட்ராய்டில்தான் சிக்கல் அதிகம். அங்கே இத்தகைய செயலிகள் பெரும்பாலும் போனுக்குள்ளேயே ஒரு விபிஎன் போல, அதாவது போனின் இணையப் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பிவிடும் இணைப்பு போல இயங்கி, எல்லாவற்றையும் வடிகட்டுகின்றன. ஒரு பயனர் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். பிள்ளை வேறொரு இலவச விபிஎன்னை நிறுவி இயக்கிய மறுநொடி உங்கள் தடுப்பு அணைந்துவிடும். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே பின்னணியில் அதை நிறுத்திவிடுவதும் உண்டு. அங்கே யாரும் திருட்டுத்தனம் செய்யவில்லை என்பதால் கண்டுபிடிக்க நாளாகும். செட்டிங்ஸில் விபிஎன் பக்கத்துக்குப் போய், செயலியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தட்டி, 'ஆல்வேஸ்-ஆன் விபிஎன்' என்பதை இயக்குங்கள். அதற்குக் கீழே விபிஎன் இல்லாமல் வரும் இணைப்புகளைத் தடுக்கும் பொத்தான் இருந்தால் அதையும் இயக்குங்கள். பேட்டரி பக்கத்தில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று குறியுங்கள். இதே செட்டிங்ஸைப் பிள்ளையும் திறக்கலாமே என்பீர்கள். திறக்கலாம்தான். செட்டிங்ஸ் பக்கத்துக்கே கடவுச்சொல் கேட்கும் வசதி உள்ள செயலியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபேமிலி லிங்க்கில், புதுச் செயலி எதுவானாலும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று வையுங்கள். ஒரு பயனர் கணக்கில் போட்ட தடுப்பு இன்னொன்றில் இயங்காது என்பதால், கெஸ்ட் பயனர், இரண்டாவது பயனர் வசதிகளை அணைத்துவிடுங்கள்.

ஐபோனில், நிறுவிய தடுப்பைப் பிள்ளை அழிக்காமல் காக்க, அதிலேயே இருக்கும் ஸ்கிரீன் டைம் என்ற கட்டுப்பாட்டு வசதி உதவும். செயலி நிறுவுவது, அழிப்பது இரண்டுக்கும் தடை, வயது வரம்பு, போன் திறக்கும் எண்ணிலிருந்து வேறான ஸ்கிரீன் டைம் எண். அந்த எண்ணைப் பிள்ளைக்கு எதிரில் அழுத்தாதீர்கள்.

எந்த வடிகட்டியும் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது: விளையாட்டுக்குள் இருக்கும் சூதாட்டம். என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸைத் தளத்தின் பெயரை வைத்துத் தடுக்க முடியாது, அது விளையாட்டின் சர்வரிலிருந்தே வருகிறது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் சில விளையாட்டுகளின் லூட் பாக்ஸ்கள் சட்டவிரோதமான சூதாட்டம் என்றே அறிவித்தது. ஐரோப்பாவின் பெகி தரக்குறியீட்டில் 2020 முதல், விளையாட்டுக்குள் வாங்குபவை தற்செயலாக அமைபவையா என்பதும் அட்டையில் குறிக்கப்படுகிறது. வாங்குவதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள். அரட்டைச் செயலிகளுக்குள் ஓடும் பந்தயக் குழுக்களும் இப்படித்தான், வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் அரட்டை.

அங்கெல்லாம் கைகொடுப்பது பணத்தின் வழியை அடைப்பதுதான். ஆப் ஸ்டோரில் சேமித்த கார்டை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள், முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை என்ற சலுகை வேண்டாம். மொபைல் பில்லில் சேர்த்து வாங்கும் வசதியை நிறுவனத்திடம் சொல்லி நிறுத்துங்கள். வங்கிக் கணக்கில் எவ்வளவு சிறிய தொகைக்கும் குறுஞ்செய்தி வரட்டும். ஒரே பெயருக்கு அடுத்தடுத்துச் சின்னச் சின்னத் தொகையாகப் போவதுதான் முதலில் கண்ணில் படும் அடையாளம்.

இவற்றை ரகசியமாகச் செய்யாதீர்கள். தானாகக் கண்டுபிடிக்கும் பிள்ளை, அதை உடைப்பதையே ஒரு விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். எதைத் தடுத்திருக்கிறோம், ஏன், பள்ளிக்கு வேண்டிய தளம் தவறுதலாக அடைபட்டால் யாரிடம் சொல்வது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விளையாட்டுச் செய்தித் தளங்கள் தவறுதலாக மாட்டுவது சகஜம். அதை அன்றைக்கே திறந்துவிட்டால் சண்டை பாதி குறையும்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் ஆத்திரத்தில் செயலியை உடனே அழித்துவிடாதீர்கள். கணக்கின் பெயர், கட்டிய தொகைகள், தேதிகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வங்கியில் முறையிட அவைதான் ஆதாரம். அதன் பிறகு கணக்கை மூடச் சொல்லி எழுதுங்கள், பிறகு அழியுங்கள்.

எல்லாம் போட்டு முடித்ததும் சோதனை. போனை அணைத்து மீண்டும் இயக்கிவிட்டு, பெயர்பெற்ற ஒரு பந்தயத் தளத்தையும் யாரும் கேள்விப்படாத ஒரு சின்னத் தளத்தையும் திறந்து பாருங்கள். வைஃபையில் ஒருமுறை, மொபைல் டேட்டாவில் ஒருமுறை, வேறு பிரவுசரில் ஒருமுறை. மாதம் ஒருமுறையும், போனின் மென்பொருள் அப்டேட் ஆகும்போதெல்லாமும் இதைத் திரும்பச் செய்யுங்கள். அனுமதிகள் மாறிப்போவது பெரும்பாலும் அப்டேட்டுக்குப் பிறகுதான்.