கரடியைக் காட்டிச் சோறு ஊட்டாதீர்கள்

(குன்னூரில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம். உங்களில் பலர் காலையிலிருந்து இலை பறித்து, சாயங்காலம் எடை போட்டுவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளோடு நிறைய நேரம் இருங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருக்கிற நேரத்துக்குள் முடிகிறதை மட்டும் பேசுகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பஸ் குன்னூர் வந்து சேர்வதற்குள் உப்பிப் போய் நிற்கும். "ஏம்மா இப்படி ஆச்சு?" என்று பிள்ளை கேட்கும். "சும்மா வா" என்றால் அதோடு முடிந்தது. போனில் தேடி பதிலைப் படித்துக் காட்டினாலும் ஏறக்குறைய முடிந்ததுதான். "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டுப் பாருங்கள். "உள்ளே யாரோ ஊதிட்டாங்க" என்று சொல்லலாம். சொல்லட்டும். அப்புறம், "மேலே வரும்போது உனக்குக் காது அடைச்சுதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?" என்று கேளுங்கள்.

மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. அதே காரணத்தால்தான் கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேக இத்தனை நேரம் ஆவதும் அதனால்தான். கணக்கெல்லாம் பள்ளியில் பிறகு படித்துக்கொள்வார்கள். காது, பாக்கெட், பருப்பு மூன்றையும் சேர்த்து யோசிக்கிற பழக்கம் இப்போதே வரட்டும். ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் ஜனவரியில் கூட்டிக்கொண்டு போங்கள். உறைபனி ஏன் மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தில் அதிகமாகப் படிகிறது என்று அவர்களையே கேளுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கித் தேங்கும் என்பதைச் சில பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் முக்கியம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடி அளவுக்குத்தான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, "தெரியாது" என்பது குறைந்தது, அவர்களாகக் கேட்கிற கேள்விகளும் கூடின. மூன்று விநாடி நம் எல்லோராலும் முடியும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற ஒன்றைச் சொல்கிறேன். "சாப்பிடலைன்னா கரடி வந்து பிடிச்சுட்டுப் போயிடும்." இதைச் சமவெளியில் சொன்னால் வெறும் பூச்சாண்டி. இங்கே கரடி நிஜமாகவே வருகிறது. தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாடு நிற்கிறது, சிறுத்தை நடமாடுகிறது. ஒரு வாய்ச் சோற்றுக்காக நாம் கரடியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், நிஜமாக எச்சரிக்க வேண்டிய நாளில் நம் பேச்சுக்கு என்ன மதிப்பு? ஒரு பிள்ளை நம்பாமல் போகும். இன்னொன்று ராத்திரி கழிவறைக்குப் போகவே நடுங்கும். அதைவிட உள்ளதைச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு தனியாக வெளியே போகக் கூடாது. காட்டுமாட்டைப் பார்த்தால் கிட்டே போகாமல், கல்லெறியாமல், மெதுவாகப் பின்வாங்கிப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிள்ளை நிதானமாக இருக்கும்.

தைரியம் வரட்டும் என்று விருந்தாளி முன்னால் நிறுத்தி "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லு" என்கிறோம். கூச்சப்படுகிற பிள்ளைக்கு அது தண்டனை. அதற்குப் பதிலாக பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட்டை அவனே கேட்டு வாங்கட்டும். பட்டாணி உரிக்க அவளை உட்கார வையுங்கள். பாதி கீழே சிந்தும், சரி, பொறுக்கிக்கொள்ளலாம். விழுந்தால் தரையை அடித்து "அழாதே" என்று சமாதானம் செய்யாதீர்கள். எங்கே கால் வழுக்கியது என்று இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள்.

அப்பாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குப் பிள்ளையோடு நடக்கிற அந்த நேரத்தில் போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

இனி உங்கள் கேள்விகள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.