மணி அடித்தால் பிள்ளை எங்கே நிற்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

2024 பிப்ரவரி 8-ஆம் தேதி சென்னையில் பல தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மோப்ப நாய்களோடு போலீசார் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை, வெறும் புரளி. அன்றைக்கு நடந்த இன்னொன்றைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். செய்தி பரவியதும் பெற்றோர் அடித்துப் பிடித்துக்கொண்டு பள்ளிகளுக்கு ஓடினார்கள். வாசலில் கூட்டம் முண்டியது, தெருவில் வண்டிகள் நெருக்கியடித்தன.

ஓடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை உள்ளே இருக்கும்போது எந்தத் தாய் வீட்டில் உட்கார்ந்திருப்பாள்? பெற்றோர் வருவார்கள் என்பது பள்ளிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்த ஒன்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு இல்லை என்பதுதான் என் வருத்தம். அன்று உண்மையாகவே தீப்பிடித்திருந்தால் தீயணைப்பு வண்டியும் அதே வாசல் வழியாகத்தானே நுழைந்திருக்க வேண்டும்?

தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்களில் நானும் ஒருவர். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பள்ளிகளில் பாதுகாப்புத் திட்டம் எழுதாமல் இருப்பதில்லை. எழுதுகிறோம். படிவம் வரும், நிரப்புவோம், வரைபடம் ஒட்டுவோம், தலைமையாசிரியர் அறை பீரோவில் வைத்துப் பூட்டுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து சிலிண்டரைத் திறந்து காட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அன்றைக்குத் திருவிழாதான். நாங்கள் போட்டோ எடுத்து மேலே அனுப்புவோம். இவ்வளவும் நடந்ததே என்று ஒரு பெற்றோருக்காவது தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. பிள்ளை வீட்டுக்குப் போய், 'இன்னைக்கு நுரை அடிச்சாங்கம்மா' என்று சொன்னால் உண்டு.

பாதுகாப்பு என்று பேச ஆரம்பித்தால் கும்பகோணத்தைத் தாண்டிப் போக முடியாது. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. சத்துணவு சமைத்த இடத்தில் கீற்றில் பற்றிய தீ, மாடியில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்புகளின் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்கு இருந்தது குறுகலான மாடிப்படி. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை கூடாது என்று அரசு கண்டிப்பு காட்டியது. அந்தத் தீவிபத்தை ஒட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், பாதுகாப்பான கட்டடத்தில் படிப்பதும் கல்வி உரிமையில் அடங்கும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக்கென்றே வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

சட்டமும் தீர்ப்பும் இருக்கட்டும். என் மனசை அறுப்பது வேறு. அந்தக் கூரையைத் தினம் பார்த்தவர்கள் பெற்றோர். காலையில் கொண்டுவந்து விட்டார்கள், சாயங்காலம் வந்து கூட்டிப்போனார்கள். கீற்று இருந்தது தெரியும், அடுப்பு எரிந்ததும் தெரியும். மாடியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், இறங்க எத்தனை வழி என்று கேட்பது தங்கள் வேலை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லும் வழக்கமும் பள்ளிகளுக்கு அப்போது இருந்ததில்லை. 'படிப்பைப் பற்றிக் கேளுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்' என்பதுதான் எல்லா ஊரிலும் வழக்கம்.

பயிற்சிக்குப் பேர்போன ஜப்பானிலேயே இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். 2011 மார்ச் 11 பிற்பகல், பெரிய பூகம்பம். இஷினோமாகி நகரத்தைச் சேர்ந்த ஒகாவா தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை ஒழுங்காக மைதானத்துக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். அது வரைக்கும் எல்லாம் சரி. அடுத்து எங்கே போவது? பள்ளியின் அவசரகாலக் கையேட்டில் 'அருகிலுள்ள காலி இடம், பூங்கா முதலியன' என்று எழுதியிருந்தது. எந்தக் காலி இடம், எந்தப் பூங்கா என்று பெயர் இல்லை. பள்ளிக்குப் பின்னாலேயே மலைச்சரிவு இருந்தும், ஏறலாமா வேண்டாமா என்று ஏறக்குறைய 50 நிமிஷம் மைதானத்திலேயே கழிந்தது. அந்த நேரத்தில் சில பெற்றோர் வந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். கடைசியில் ஆற்றுப் பாலத்தருகே இருந்த மேட்டை நோக்கிக் கிளம்பினார்கள். ஆழிப்பேரலை அந்த ஆற்றின் வழியாகத்தான் ஏறி வந்தது. 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2018-இல் செண்டாய் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை ஒவ்வொரு தலைமையாசிரியரும் படிக்க வேண்டும். அன்றைய தினம் ஆசிரியர்கள் பதறியதை மட்டும் நீதிமன்றம் எடைபோடவில்லை. பூகம்பத்துக்கு முன்பே கையேட்டைத் திருத்தி, போக வேண்டிய இடத்தைக் குறித்திருக்க வேண்டும், அதைச் செய்யாதது பள்ளியின் பிழை, மேற்பார்வை செய்த கல்வி வாரியத்தின் பிழை என்றது. அடுத்த வருஷம் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை.

அதே நாள், அதே கடல், கமாய்ஷி என்ற இன்னொரு ஊர். அங்கே பேராசிரியர் தொஷிதகா கதாதா பல வருஷமாகப் பள்ளிகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்துவந்தார். பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடத்தைக் கேளுங்கள். 'வீட்டுக்குப் போய், நான் கட்டாயம் மேட்டுக்கு ஓடிவிடுவேன், நீங்களும் ஓடிவிடுங்கள், என்னைத் தேடி வராதீர்கள் என்று அம்மா அப்பாவிடம் சொல். அவர்கள் நம்பும்வரை சொல்.' அலை வந்தபோது பிள்ளைகள் ஓடினார்கள், பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று பள்ளியின் பொறுப்பில் இருந்த மாணவர்கள், கிட்டத்தட்ட 3,000 பேர், தப்பித்தார்கள். பெற்றோரிடம் தகவல் சொல்வது என்பதை அந்த ஊரில் பிள்ளைகளே செய்திருக்கிறார்கள். எனக்கு இது பெரிய பாடமாகப் படுகிறது. நாம் அச்சடித்துக் கொடுக்கும் சுற்றறிக்கையைவிட, இரண்டாம் வகுப்புப் பெண் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, 'மணி அடிச்சா நாங்க வேப்பமரத்துக்குக் கீழே நிப்போம்' என்று சொன்னால் வீட்டில் பதியும்.

நம் ஊருக்கு வருவோம். நமக்கு ஆழிப்பேரலை அன்றாடம் வருவதில்லை. புயல் மழை வருஷா வருஷம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் காலையில் வெயில் அடிக்கும், பள்ளி தொடங்கிவிடும். பதினோரு மணிக்கு வானம் கறுக்கும், மதியம் விடுமுறை என்று அறிவிப்பு வரும். அப்போது தாய் நடவு வயலில் நிற்பாள், அல்லது நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாள், தகப்பன் திருப்பூரில் இருப்பான். ஒன்றாம் வகுப்புக் குழந்தை பூட்டின வீட்டுக்கு நடந்து போகும். வழியில் வாய்க்கால் நிரம்பி ஓடும். அடித்துச் சொல்கிறேன், தீயைவிட எனக்கு அதிக பயம் இந்த அரைநாள் விடுமுறைதான்.

இதற்கு என்ன வழி? சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். தொலைபேசி எண் என்ற கட்டத்தில் ஓர் எண் இருக்கும். கூப்பிட்டால், 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.' அல்லது வெளியூரில் இருக்கும் சித்தப்பா எடுப்பார். சிம் மாறிவிட்டதை யாரும் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பீர்கள். அந்த போன் அப்பா சட்டைப்பையில் போய்விட்டது. வீட்டில் இருக்கும் பாட்டி கையில் பட்டன் போன். பாட்டி எண்ணைத்தான் நமக்கு வேண்டும், அதைத்தான் யாரும் வாங்குவதில்லை. ஜூன் மாதத்தில் ஒரு தடவை, தீபாவளி விடுமுறைக்கு முன்னால் ஒரு தடவை வகுப்பாசிரியரே ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டுப் பார்த்துவிடலாம். முப்பது பிள்ளைகள் என்றால் ஒரு மாலைப்பொழுது போதும்.

அடுத்தது ஒப்படைப்பு. ஜப்பானியப் பள்ளிகளில் இதற்கென்றே தனிப் பயிற்சி நடத்துகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை இருக்கும். யார் யார் வந்து கூட்டிப்போகலாம் என்று அதில் பெயர் எழுதியிருக்கும். நம் ஊரில் இது இன்னும் அவசியம். நம் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுபவரும் மாமா, எதிர் வீட்டுக்காரரும் மாமா, கடைக்காரரும் மாமா. வாசலில் நிற்கும் ஆளைக் காட்டி, 'இது யாரும்மா?' என்று கேட்டால், சந்தோஷமாக 'மாமா' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடும். அவசர நேரத்தில் ஆசிரியர் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதனால் மூன்று பேர் பெயரைப் பெற்றோரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அதில் ஒருவராவது பள்ளிக்கு நடந்து வரும் தூரத்தில் இருப்பவராக இருக்கட்டும். பட்டியலில் இல்லாதவர் சொந்தத் தாய்மாமனே ஆனாலும் அனுப்பக் கூடாது. சண்டை வரும். வரட்டும். குடும்பத்தில் தகராறு இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு தாள்தான் காவல்.

கூடும் இடத்தையும் பெயர் சொல்லிக் குறியுங்கள். 'பாதுகாப்பான இடம்' என்று எழுதுவது ஒகாவா கையேட்டில் எழுதியது மாதிரிதான். மாரியம்மன் கோயில் திடல், ரேஷன் கடைக்கு மேற்கே, என்று எழுத வேண்டும். பெற்றோர் முன்வாசலுக்கு வராமல் நேரே அந்த இடத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவைத்தால், தீயணைப்பு வண்டிக்கும் 108-க்கும் வழி விட்டதாகிவிடும். மழை வெள்ளத்துக்கு வேறு இடம் குறிக்க வேண்டும், ஏனென்றால் திடலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். நடக்க முடியாத பிள்ளை இருந்தால், தூக்கப்போவது யார் என்பதும் அந்தப் பிள்ளையின் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கே பேசுவது? அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறை, ஆசிரியர் பணியிடம் என்று பேச நிறைய இருக்கும். அவற்றோடு, 'அவசரத் திட்டத்தைப் படித்துக் காட்டுங்கள்' என்று ஒரு பெற்றோர் எழுந்து கேட்டால் பீரோ திறக்கும். தனியார் பள்ளியில் அந்தக் குழு கிடையாது. அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேளுங்கள். கட்டணம் கட்டும் இடத்தில் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

'இதையெல்லாம் சொன்னால் பெற்றோர் பயந்துவிடுவார்கள், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்' என்று என்னிடம் சொன்ன நிர்வாகிகள் உண்டு. நான் கண்டது நேர்மாறு. பயம் வருவது ஒன்றும் தெரியாதபோது. 2018-இல் பிள்ளை கடத்தல் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் சாமி கும்பிட வந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்தாராம், அதுதான் குற்றம். பள்ளியிலிருந்து உடனே ஒரு செய்தி வரும், அது இந்த எண்ணிலிருந்து மட்டும்தான் வரும், மற்றதை நம்ப வேண்டாம் என்பது பெற்றோருக்குப் பழக்கமாகியிருந்தால் வதந்திக்குக் காது கிடைக்காது. அந்தச் செய்தியில் நடந்தது என்ன, பிள்ளைகள் இப்போது எங்கே, நீங்கள் வர வேண்டுமா கூடாதா என்பது மட்டும் இருக்கட்டும். 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த வரியைப் படித்ததும்தான் எல்லோருக்கும் கை நடுங்கும்.

கையில் பேனா இருந்தால் சில எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அவசரத்துக்கும் 112. தீயணைப்புக்கு 101. ஆம்புலன்ஸ் 108. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இவற்றுக்குக் கீழே உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியர் எண்ணையும், நீங்கள் போக முடியாத நாளில் பிள்ளையைக் கூட்டிவரப் போகிறவர் எண்ணையும் எழுதி, நாளைக்குக் காலையில் அந்த இரண்டாவது ஆளின் பெயரை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.